சீட்டுக்குப் பின் வரும் ஆண்டுகள்

(விருத்தாசலத்தில் மருத்துவ மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், பெற்றோர் கூடிய அவையில் ஓய்வுபெற்ற பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. முடிவு வந்த வாரத்தில், டாக்டர் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே கணக்குதான் ஓடும். ராங்க் என்ன, எந்தப் பிராஞ்ச் கிடைக்கும், எந்தக் கல்லூரி, படித்த பின் கட்டாயப் பணிக்கான பாண்டு எத்தனை வருஷம்? ராணுவத்தில் பி.ஜி. படித்தால் ஐந்து வருஷம் கேட்கிறார்கள், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் அதைவிடக் குறைவுதானே, அப்படியென்றால் இதுதானே லாபம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்னை இங்கே அழைத்தவர்களும் அதையே தலைப்பாகத் தந்திருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாண்டு எத்தனை வருஷம் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த வருஷங்களில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள், உங்கள் போஸ்டிங் ஆர்டர் யார் கையில் இருக்கும், அந்தக் கடமையைப் படிப்புக்கு முன்னால் செய்யப் போகிறீர்களா பின்னால் செய்யப் போகிறீர்களா, இவற்றைப் பாருங்கள். பி.ஜி. படிப்பு மூன்று வருஷம். ஒருவரை டாக்டராக்குவது அதை ஒட்டி வரும் வருஷங்கள்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகியகால அதிகாரியாக இருந்துவிட்டுப் பிறகு மாநில அரசுப் பணிக்கு வந்தவன். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவன். எந்த வீட்டுக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டு வரவில்லை.

ராணுவ டாக்டர் வேறு, சிவில் டாக்டர் வேறு என்று இன்றைக்கு நாம் பிரித்துப் பேசுகிறோம். நம் நாட்டில் நவீன மருத்துவம் வேர்விட்ட காலத்தில் இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இல்லை. வெள்ளைக்காரன் காலத்து இந்திய மெடிக்கல் சர்வீஸ், அதாவது ஐ.எம்.எஸ்., ராணுவத்துக்காக அமைந்தது. சமாதான காலத்தில் அதன் அதிகாரிகளைச் சிவில் ஆஸ்பத்திரிகளுக்கும் ஜெயில்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். போர் மூண்டால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். 1897-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் ஐ.எம்.எஸ். அதிகாரி. 1903-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் கருங்காய்ச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கண்ட சார்லஸ் டோனவன் அதே சர்வீஸ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இன்றும் நம் மாணவர்கள் 'லீஷ்மன்-டோனவன் பாடி' என்று நோயியல் தேர்வில் எழுதுகிறார்கள். லீஷ்மனும் ராணுவ டாக்டர்தான்.

1943 ஏப்ரல் 3-ல் இந்திய ராணுவ மருத்துவப் பிரிவு உருவானது. 1947-ல் ஐ.எம்.எஸ். கலைந்தது. அடுத்த வருஷம், பி.சி. ராய் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. முதலில் அது ஏற்கெனவே பணியில் இருந்த மருத்துவ அதிகாரிகளுக்கு மேற்பயிற்சி தந்த இடம். எம்.பி.பி.எஸ். பிரிவு 1962 ஆகஸ்டில்தான் வந்தது. ராணுவத்தில் மேற்படிப்பு என்பது வெளியாருக்குத் திறந்துவிட்ட கூடுதல் வாசல் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கல்லூரி பிறந்ததே மேற்பயிற்சிக்காகத்தான்.

இனி வாசல்களைப் பார்ப்போம். முதலில் ராணுவப் பக்கம்.

பிளஸ் டூ முடித்ததும் புனேயில் எம்.பி.பி.எஸ். சேர்வது ஒரு வழி. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரும்பாலோர் அந்த ரயிலை விட்டவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, குறுகியகால கமிஷனில் சேர்வது இரண்டாவது வழி. கேப்டனாகச் சேர்வீர்கள், லக்னோவில் அடிப்படைப் பயிற்சி, முதலில் ஐந்து வருஷம். வேண்டுமானால் இரண்டு தவணையாக நீட்டிக்கலாம், மொத்தம் பதினான்கு வருஷம் வரை. நேராகப் பி.ஜி. சீட்டுக்குப் போவது மூன்றாவது வழி. புனே கல்லூரி, டெல்லியின் ராணுவ மருத்துவமனை, மும்பையின் அஸ்வினி கடற்படை மருத்துவமனை, பெங்களூரு கமாண்ட் மருத்துவமனை போன்ற இடங்களில் எம்.டி., எம்.எஸ். படிக்கலாம். அதற்கும் அதே நீட் பி.ஜி.தான் நுழைவுத் தேர்வு.

ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. பணியில் இருக்கிற அதிகாரிகளுக்கு முதல் முன்னுரிமை. நட்பு நாடுகள் அனுப்புகிறவர்கள், மத்திய அரசின் வேறு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், குறுகியகாலப் பணி முடித்து வெளியே வந்தவர்கள் எல்லாரும் போன பிறகுதான் உங்களைப் போன்ற வெளி டாக்டருக்கு இடம். அது ஐந்தாவது முன்னுரிமை. அப்படிச் சேர்ந்தவர் படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம் குறுகியகால அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். மெடிக்கலி ஃபிட் என்ற சான்றும் வேண்டும். பார்வை, காது, எடை, முட்டி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ராங்க் மட்டும் போதாது.

சிவில் பக்கம் வருவோம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நூறு எம்.டி., எம்.எஸ். சீட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மிச்சம் ஐம்பதில் இருபத்தைந்து சர்வீஸ் டாக்டர்களுக்கு, அதாவது எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் உதவி மருத்துவராகச் சேர்ந்து குறைந்தது இரண்டு வருஷமாவது அரசுப் பணி பார்த்தவர்களுக்கு. மீதி இருபத்தைந்துதான் ஓப்பன். அந்த சர்வீஸ் ஒதுக்கீட்டுக்கு இந்திய மருத்துவக் கவுன்சில் விதியால் ஆபத்து வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். பி.எச்.சி. என்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்றால், அவர்களுடைய சீனியர்கள் கோர்ட் படி ஏறியதால்தான்.

ஓப்பன் இடத்தில், அதாவது நான்-சர்வீஸாகச் சேர்ந்தவருக்கும் பாண்டு உண்டு. படித்து முடித்ததும் அரசு மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். எவ்வளவு காலம், மீறினால் எவ்வளவு பணம் என்பதை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. ஆகவே போன வருஷத்து அண்ணன் சொன்னதை நம்பாமல் இந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். மூன்றாவதாக ஒரு வழியும் நம் மண்ணில் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். முடிப்பவர்கள், தங்களுக்கு ஆதரவு தந்த அமைப்பின் மிஷன் மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்க்கப் போகிறார்கள். சட்டை வேறு, சாராம்சம் ஒன்றுதான்.

இவ்வளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். உண்மையான பிரிவு ராணுவமா சிவிலா என்பதில் இல்லை. கடமை முன்னாலா, பின்னாலா என்பதில் இருக்கிறது. பி.எச்.சி.க்குப் போய்விட்டு சர்வீஸ் கோட்டாவில் படிப்பவரும், ராணுவத்தில் கேப்டனாகச் சேர்ந்துவிட்டுப் பிறகு அங்கேயே மேற்படிப்புக்குப் போகிறவரும் ஒரே சாதி. இருவரும் கடமையை முன்னால் செய்கிறவர்கள். நான்-சர்வீஸ் சீட்டில் படித்துவிட்டுத் தாலுகா மருத்துவமனைக்குப் போகிறவரும், ஐந்தாவது முன்னுரிமையில் படித்துவிட்டு ராணுவத்துக்குப் போகிறவரும் இன்னொரு சாதி.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கட்டாய ராணுவச் சேவை இருந்த காலத்தில், 1950-களிலிருந்து, ஃபிராங்க் பெர்ரி என்பவர் பெயரால் ஒரு திட்டம் நடந்தது. இளம் டாக்டர் உடனே ராணுவத்துக்குப் போகலாம். அல்லது ரெசிடென்சி என்கிற சிறப்புப் பயிற்சியை முடித்துவிட்டு ஸ்பெஷலிஸ்டாகப் போகலாம். 1973-ல் கட்டாயச் சேவை நின்றபோது அந்தத் திட்டமும் முடிந்தது. அதன் இடத்தில் ராணுவம் மருத்துவப் படிப்புக்கு உதவித்தொகை தரும் முறை வந்தது. அங்கே இன்று உதவித்தொகை வாங்குகிற மாணவருக்கு முதலில் சொல்லித் தருகிற பாடம், ரெசிடென்சி வருஷங்கள் அந்தக் கடனைக் கழிக்காது என்பது. கணக்கு பயிற்சி முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். நம் ஊரிலும் அப்படித்தான். பி.ஜி. படித்த மூன்று வருஷத்தையும் சேவையில் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிற பெற்றோர் இங்கே சிலர் இருக்கலாம். அந்த மூன்று வருஷம் கணக்கில் வராது.

முன்னால் செய்தால் என்ன கிடைக்கும்? ஒரு பி.எச்.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணி. மழைக்காலம். வீட்டுத் தரையில் படுத்துத் தூங்கிய ஒருவரை டி.வி.எஸ். வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். வயிறு வலிக்கிறது என்கிறார். வாந்தி. கடித்த தடம் எங்கும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. கூட வந்தவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம். ஆனால் கண்ணைப் பாருங்கள், இமை பாதி இறங்கியிருக்கிறது. நாக்கை நீட்டச் சொன்னால் முழுசாக வரவில்லை. கட்டுவிரியன். உடனே பாம்புக்கடி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும், 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும், வழியில் மூச்சு நின்றால் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போக ஒரு ஆள் வேண்டும். இந்த ஒரு ராத்திரியைப் பார்த்தவர் பிறகு பொது மருத்துவம் படிக்கப் போனால், நரம்பு-தசை இணைப்பைப் பற்றிய பாடத்தை வேறு மாதிரிப் படிப்பார். அனஸ்தீசியா எடுக்க நினைத்தவர் அங்கேயே முடிவு பண்ணிக்கொள்வார்.

ராணுவத்தில் இதற்கு ஈடான ராத்திரி லடாக்கில் வரும். லே நகரமே பதினோராயிரம் அடிக்கு மேல். இருபத்திரண்டு வயசுப் பையன், எல்லாப் பரிசோதனையிலும் தேறியவன், நேற்று வரை ஓடிக்கொண்டிருந்தவன். மேலே வந்த இரண்டாம் நாள் ராத்திரி இருமுகிறான், படுக்க முடியவில்லை என்கிறான். நெஞ்சில் காது வைத்தால் நீர் கொப்பளிக்கிற சத்தம். நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விடிவதற்குள் ஆள் போய்விடுவான். உயரத்தால் வரும் நுரையீரல் நீர்க்கோர்வை அது. ஆக்ஸிஜன் கொடுத்து, முதல் வேலையாக அவனைக் கீழே இறக்க வேண்டும். உயரத்தால் வரும் நோய்களைப் பற்றி உலகம் அறிந்ததில் நம் ராணுவ டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. 1960-களில் மலைக்குப் படைகளை அவசரமாக ஏற்றியபோது கிடைத்த அனுபவத்திலிருந்து, இந்தர் சிங்கும் சக டாக்டர்களும் 1,925 வீரர்களின் மலைநோயைப் பற்றி 1969-ல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று வீரர்களை ஒன்பதாயிரம் அடியில் ஆறு நாள், அதற்கு மேல் நாலு நாள், இன்னும் மேலே நாலு நாள் என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

இரண்டு ராத்திரியும் பெரிய பள்ளிக்கூடங்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராணுவத்தில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது தேர்ந்தெடுத்த இளைஞர்களை, அவர்களின் குடும்பங்களை, ஓய்வுபெற்றவர்களை. எலும்பியல், அறுவை, அனஸ்தீசியா, விமான மருத்துவம் படித்தவர்களுக்கு அது வளமான களம். உள்கட்டமைப்பு, ஒழுங்கு, மருந்து இருப்பு எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் ஒரு பிராஞ்ச் படித்த கையோடு சிறிய மருத்துவமனைக்கு மாற்றினால், அங்கே உங்கள் துறை நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு பேர்கூட வராமல் போகலாம். மாநில அரசின் தாலுகா மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். நோயாளிகள் வாசல் வரை நிற்பார்கள். கை பழகும். ஆனால் ஸ்கேன் பழுது, அனஸ்தீசியா டாக்டர் லீவு, ரத்தம் இல்லை என்று நாள் ஓடும். படித்ததை மறக்கவைப்பது வேலைப் பளு மட்டுமில்லை, வேலையில்லாமையும்தான். உங்கள் பிராஞ்சுக்கு எது எதிரி என்று பாருங்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல்விளக்கு, பொம்மை என்று இங்கே சூளையேறாத பொருள் இல்லை. பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. குவார்ட்ஸ் தூளும் ஃபெல்ட்ஸ்பார் தூளும் சேர்க்க வேண்டும். உலர்ந்த அந்தத் தூளை அரைக்கிற இடத்திலும், காய்ந்த பண்டத்தின் பிசிறைத் தேய்க்கிற இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா பறக்கும். பல வருஷம் சுவாசித்தவரின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பாகத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். சிலிகோசிஸ். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. காசநோய் அவர்களை எளிதில் பிடிக்கும். அதனால் மேலே நிழல் தெரிந்ததும் காசநோய் என்று மட்டும் எழுதிவிட்டு, 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இது அறிவிக்க வேண்டிய நோய். பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத, தொழிலாளியின் வேலை வரலாற்றைப் பத்து வருஷம் பின்னோக்கிக் கேட்கிற பொறுமையும், அந்த ஊரில் தொடர்ந்து இருப்பதும் வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிற ராணுவ டாக்டரால் இந்த வேலையைச் செய்ய முடியாது. நெஞ்சக மருத்துவம் படித்து இந்த ஊரில் இருக்க விரும்புகிறவருக்கு நான் ராணுவத்தைச் சொல்ல மாட்டேன். காயச் சிகிச்சையில் பெயர் எடுக்க வேண்டும், நாடு முழுக்கப் பார்க்க வேண்டும் என்கிற பிள்ளையை நான் இங்கே பிடித்து நிறுத்தவும் மாட்டேன்.

பெற்றோர் பணத்தைக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ராணுவத்தில் சம்பளத்தோடு தனித்தொழில் செய்யாததற்கான படி உண்டு. சொந்த கிளினிக் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு டாக்டர் பணி நேரம் போக வெளியே பார்க்கலாம். நம் ஊர்க் கடைத்தெருவில் சாயங்காலம் எரிகிற கிளினிக் போர்டுகள் பல அப்படி வந்தவை. குறுகியகால அதிகாரிக்கு வெளியே வரும்போது பணிக்கொடை உண்டு, பென்ஷன் இல்லை. பென்ஷன் வேண்டுமென்றால் நிரந்தர கமிஷனில் இருபது வருஷம். மாநிலத்தில் 2003 ஏப்ரலிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லாமல் போனது எல்லாரும் அறிந்த கதை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ராணுவம் என்றாலே தயங்குகிறீர்கள். மற்றப் பிரிவுகள் 1992-ல் பெண்களுக்குத் திறப்பதற்கு வெகு முன்பே மருத்துவப் பிரிவில் பெண் அதிகாரிகள் இருந்தார்கள். திருப்பதியில் பிறந்த பத்மாவதி பந்தோபாத்யாய் புனேயில் படித்து, 1968-ல் விமானப் படையில் சேர்ந்து, விமான மருத்துவத்தில் நிபுணராகி, ஏர் மார்ஷலாக உயர்ந்தார். 2024-ல் ஆயுதப்படை மருத்துவச் சேவைகள் மூன்றுக்கும் தலைமை இயக்குநரான ஆர்த்தி சரீன் ஒரு பெண். பயப்பட வேண்டிய விஷயம் துப்பாக்கி இல்லை. கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு ஊரில் போஸ்டிங் விழுவதுதான். அது சிவில் பக்கத்திலும் விழும்.

பாண்டே அநியாயம் என்று சொல்கிற தம்பிகளும் இங்கே இருக்கிறீர்கள். 2019 ஆகஸ்ட் 19-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுப்பணத்தில் படித்தவரிடம் சில வருஷ சேவை கேட்பது செல்லும் என்றது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதை ஒழுங்குபடுத்தும்படியும் சொன்னது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. என் குறை வேறு. கையெழுத்து வாங்கும்போது வருஷத்தைச் சொல்கிறார்கள், பணத்தைச் சொல்கிறார்கள், இடத்தைச் சொல்வதில்லை. ஆபரேஷன் தியேட்டர் இல்லாத இடத்துக்கு அறுவை டாக்டரை அனுப்பினால் அவருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம், செலவழித்த அரசுக்கும் நஷ்டம். எந்தெந்த மருத்துவமனைக்கு எந்தப் பிராஞ்ச் டாக்டர் தேவை, அங்கே என்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைக் கவுன்சலிங்குக்கு முன்பே வெளியிட வேண்டும். சேவையைக் கேட்கிற உரிமை அரசுக்கு உண்டு. அந்தச் சேவை வீணாகாமல் பார்க்கிற பொறுப்பும் அதற்குத்தான். ராணுவத்துக்கும் இதையே சொல்வேன்.

அதுவரை நீங்களே விசாரித்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. இப்போது பி.ஜி. படிக்கிற ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும். அப்படிப் போய் வந்த சீனியரைப் பிடியுங்கள். சீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ராத்திரி டியூட்டியில் என்ன கேஸ் வந்தது, யாரிடம் சந்தேகம் கேட்டார்கள், எதைச் செய்ய முடியாமல் ரெஃபர் செய்தார்கள் என்று கேளுங்கள். குறுகியகாலப் பணி முடித்து வந்த கேப்டன், மேஜர் யாராவது தெரிந்தால் அவரிடமும் அதே மூன்றைக் கேளுங்கள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் எந்தப் பக்கம் போவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாண்டு பத்திரத்தில் பிள்ளை மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை, ஜாமீன்தாரரும் போடுகிறார். அநேகமாக அவர் உங்கள் அண்ணனாகவோ மச்சானாகவோ இருப்பார். பாண்டை மீறப் போகும்போதுதான் பலர் அந்தப் பத்திரத்தை முதல்முறையாகப் படிக்கிறார்கள். சேர்வதற்கு முன்னால், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள். புரியாத வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.